காட்பாடியிலிருந்து டெல்லி: மலிவு விமானமா, கேரளா எக்ஸ்பிரஸா?

கேள்வி, 3 மே 2024

ஜூலை மூன்றாம் வாரம் டெல்லி போகிறோம். நான், மனைவி, ஆறு வயதுப் பையன். காட்பாடியில் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறினால் ஒன்றரை நாள். விமானம் தலைக்கு 4,200 காட்டுகிறது. ரயில் ஏசியோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான் அதிகம். இந்த விலைக்கு விமானம் கிடைக்கும்போது எவனாவது ரயிலில் போவானா? இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

பதில், 3 மே, இரவு 10.40

யோசிக்க இருக்கிறது. 4,200 என்பது மீனம்பாக்கத்தில் நிற்பவனுக்கான விலை. நீங்கள் நிற்பது காட்பாடியில்.

போன வருடம் அம்மாவைத் தங்கை வீட்டுக்கு டெல்லி அழைத்துப்போனேன். அந்தக் கணக்கு இன்னும் டைரியில் இருக்கிறது. இரண்டு டிக்கெட் 8,300. இணையத்தில் வாங்கியதற்கு வசதிக் கட்டணம் 700 (யாருடைய வசதி என்று எழுதவில்லை). பக்கத்துப் பக்கத்து இருக்கை வேண்டும் என்று 700. விமானம் காலை 5.40க்கு, கவுண்ட்டர் 4.40க்கு மூடிவிடும். மெட்ரோ 5 மணிக்குத்தான் ஓட ஆரம்பிக்கும். முழங்கால் வலியோடு அம்மாவை ராத்திரி பஸ்ஸில் ஏற்ற முடியாது, ஆகவே டாக்சி 3,800. உள்ளே போய் இரண்டு காபி, இரண்டு பிளேட் இட்லி, 620. மொத்தம் 14,120. ஆளுக்கு 7,060. அம்மாவிடம் 4,150 என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தேன். மிச்சத்தை இன்றுவரை சொல்லவில்லை.

இதில் தூக்கம் சேரவில்லை. ராத்திரி 12.30க்குக் கிளம்பினோம். வாலாஜா தாண்டியதும் ஆறுவழிச் சாலை வேலை. அது எத்தனை வருடமாக நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். மாற்றுப்பாதை, தடுப்புக் கட்டை, எதிரே ஹைபீம் போட்ட லாரி. டிரைவர் தூங்கிவிடக் கூடாதே என்று நான் பேசிக்கொண்டே வந்தேன். அம்மா தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. டெல்லியில் இறங்கிய அன்று முழுக்கத் தூங்கினோம். மிச்சம் பிடித்த ஒன்றரை நாளில் ஒரு நாள் அதிலேயே போயிற்று.

4 மே, காலை

இருக்கைக்குக் கொடுத்த 700 தண்டம். நேற்று எழுதும்போது தோன்றவில்லை. காசு கொடுக்காமல் வெப் செக்-இன் செய்தாலும் இருக்கை உண்டு, என்ன, 9பி ஒருவருக்கு, 23இ இன்னொருவருக்கு என்று பிரித்துப் போடுவார்கள். உங்களுக்கு அந்தப் பயமும் வேண்டாம். பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவர் பக்கத்திலேயே இடம் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்தை மேற்பார்க்கும் டிஜிசிஏ போன மாதம்தான் சொல்லியிருக்கிறது. முதலிலேயே பதற்றப்பட்டு ஜன்னல் சீட்டுக்குப் பணம் கட்டாதீர்கள்.

4 மே, மாலை

“அப்படியானால் பகல் விமானத்தில் போகலாமே” என்று கேட்டிருக்கிறார்கள். போகலாம். ஆனால் விடிகாலை விமானத்துக்கு ஒரு குணம் உண்டு. ராத்திரியே வந்து நின்ற விமானம் அது, பெரும்பாலும் நேரத்துக்குக் கிளம்பிவிடும். மலிவு நிறுவனத்தின் வித்தையே விமானத்தைத் தரையில் நிற்க விடாததுதான். ஒரே வகை விமானம், பைலட்டும் மெக்கானிக்கும் ஒரே பயிற்சி, இறங்கி அரை மணி நேரத்தில் மறுபடி ஏறுவது, ஒரு நாளில் ஐந்து ஆறு நடை. நம் டவுன் பஸ் மாதிரி. காலை நடையில் பத்து நிமிடம் தாமதம் என்றால் சாயங்கால நடையில் அது ஒன்றரை மணி நேரமாக வளர்ந்திருக்கும். ராத்திரி 9 மணி விமானத்துக்கு மலிவு டிக்கெட் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

ஆக, வேலூர்க்காரனுக்கு இரண்டுதான்: தூக்கத்தைக் கொடு, இல்லை நேரத்தைக் கொடு.

6 மே

பெட்டி விஷயம். செக்-இன் 15 கிலோ, கையில் 7 கிலோ. வீட்டில் தராசு இல்லாததால் மார்க்கெட்டில் நாங்கள் வாடிக்கையாக வெங்காயம் வாங்கும் மண்டிக்கு அம்மாவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். எலெக்ட்ரானிக் தராசு. மண்டிக்காரர் மூட்டைகளுக்கு நடுவே பெட்டியைச் சாய்த்து வைத்து நிறுத்தார். 15.8.

“இன்னா சார், வெளிநாடா?” என்றார். “டெல்லி” என்றேன்.

வீட்டுக்கு வந்து பஞ்சாயத்து. ஆற்காட்டு மக்கன் பேடா டப்பா போகட்டுமா, இலவம்பாடி முள் கத்தரிக்காய் போகட்டுமா? 2023இல் அந்தக் கத்தரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து தங்கைக்கு அதன் மேல் தனி மரியாதை, ஃபோனில் இரண்டு முறை கேட்டிருந்தாள். ஆனால் பேடா டப்பாவை ஏற்கெனவே செல்லோடேப் போட்டு ஒட்டியாயிற்று. கத்தரிக்காயை எடுத்தோம். மறுபடி மண்டி: 14.8. நிம்மதி.

மீனம்பாக்கத்தில் கவுண்ட்டர் தராசில் வைத்தால் 13.9.

அம்மா அந்தச் சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். “கத்தரிக்கா வந்திருக்குமேடா” என்றார். எனக்கு வேறு கணக்கு ஓடியது. 14.8 காட்டினால் உண்மையில் 13.9. கிலோவுக்கு அறுபது கிராம். பத்து வருடமாக அந்தத் தராசில்தான் வெங்காயம் வாங்குகிறோம்.

பவர் பேங்க்கைக் கைப்பையில் மட்டும் வையுங்கள். செக்-இன் பெட்டிக்குள் கொப்பரைத் தேங்காயும் கூடாது, எண்ணெய்ச் சத்து உள்ளது, தீப்பிடிக்கும் பொருள் என்று எடுத்துவிடுவார்கள்.

7 மே

ஃபாரத்தில் கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம் வரும். நமக்கு ஏது கடைசிப் பெயர்? இருப்பது ஒரு பெயரும் அப்பா பெயரின் முதல் எழுத்தும்தான். அந்தக் கட்டத்தை நிரப்பாமல் இணையதளம் நகராது. அம்மா டிக்கெட்டில் ‘ராஜேஸ்வரி ராஜேஸ்வரி’ என்று அச்சாகி வந்தது. வாசலில் நின்ற காவலர் ஆதாரையும் டிக்கெட்டையும் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே விட்டார். எழுத்துப்பிழை வேறு கதை. நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் வாங்கியிருந்தால் 24 மணி நேரத்துக்குள் இலவசமாகத் திருத்தித் தர வேண்டும். வாங்கிய அன்றே உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள்.

11 மே

“குறை சொல்லியே பழகிவிட்டீர்கள், இருபத்தைந்து வருடம் முன்பு நாமெல்லாம் விமானத்தை அண்ணாந்துதான் பார்த்தோம்” என்று ஒருவர் கோபித்துக்கொண்டிருக்கிறார். நியாயம்தான்.

நான் முதலில் ஏறியதே ஏர் டெக்கானில்தான், 2005இல். கேப்டன் கோபிநாத் 2003இல் தொடங்கிய நிறுவனம். ஒரு ரூபாய் டிக்கெட் என்று ஊரெல்லாம் பேச்சு. எனக்கு ஒரு ரூபாய்க்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் ராணிப்பேட்டையில் தோல் கெமிக்கல் விற்கும் ஆளுக்கு விமானப் பயணம் கட்டுப்படியானதே அதிசயம். அதில் இருக்கை எண் கிடையாது. முதலில் ஏறுபவனுக்கு முதல் ஜன்னல். பஸ்ஸிலிருந்து இறக்கியதும் டை கட்டிய ஆசாமிகள் எல்லாம் தார்த்தளத்தில் ஓடினார்கள். வேலூர் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகக் கைக்குட்டை போட்டு இடம் பிடித்து வளர்ந்தவன் நான், எனக்கு அது புதிதல்ல. விமான ஜன்னல் திறக்காது என்பதுதான் குறை.

அந்த நிறுவனம் 2008இல் கிங்ஃபிஷரோடு கலந்தது. கிங்ஃபிஷர் 2012இல் நின்றது. போன வருடம் மே மாதம் கோ ஃபர்ஸ்ட். இதுவும் மலிவின் இன்னொரு முகம். ஆறு மாதம் முன்னாலேயே டிக்கெட் வாங்குகிறவன் அந்த நிறுவனத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறான். கடன்காரன் திவாலானால் வரிசையில் கடைசியில் நிற்பதும் அவன்தான்.

19 மே

இதை எழுத வேண்டாம் என்று இருந்தேன், என் முட்டாள்தனம் என்பதால்.

2022இல் கான்பூருக்கு ஒரு டேனரி வேலையாகப் போனேன். பக்கத்தில் இருக்கும் லக்னோவுக்கு அன்றைக்கு நேர் விமானம் விலை அதிகம். சென்னை–டெல்லி ஒரு நிறுவனத்தில், டெல்லி–லக்னோ வேறு நிறுவனத்தில் என்று தனித்தனியாக வாங்கினேன். 2,300 ரூபாய் மிச்சம். நடுவில் மூன்று மணி நேரம் இருந்தது. போதும் என்றுதான் நினைத்தேன்.

முதல் விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். டெல்லியில் பெட்டி வர இருபத்தைந்து நிமிடம். அடுத்த விமானம் வேறு டெர்மினலில், அது அங்கிருந்து சில கிலோமீட்டர். பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது கவுண்ட்டர் எப்போதோ மூடியிருந்தது. கவுண்ட்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். “சார், உங்கள் முதல் விமானத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை.” உண்மை. ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. இரண்டு டிக்கெட் என்றால் நடுவில் இருக்கும் அந்த மூன்று மணி நேரத்துக்கு நான்தான் விமான நிறுவனம்.

வராதவன் என்று பதிவானது. அடிப்படைக் கட்டணம் போயே போயிற்று. வரியும் விமான நிலையக் கட்டணங்களும் மட்டும் திரும்பின. அது கேட்டால்தான் வரும். எவ்வளவு அடிமட்ட விலை டிக்கெட்டாக இருந்தாலும், ஏறாமல் விட்டாலும், அந்தப் பகுதியைத் திருப்பித் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. பலர் கேட்பதில்லை. ராத்திரி ரயிலில் நின்றுகொண்டே லக்னோ போனேன்.

20 மே

தாமதம் என்றால் என்ன தருவார்கள் என்று கேட்டவருக்கு: இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் சாப்பாடு, ஆறு மணி நேரத்துக்கு மேல் என்றால் வேறு விமானமோ முழுப் பணமோ.

20 மே, சற்றுக் கழித்து

தவறு. இரண்டு மணி நேரக் கணக்கு, பறக்கும் நேரம் இரண்டரை மணிக்குள் இருக்கும் பயணத்துக்கு. டெல்லிக்கு அதற்கு மேல் ஆகிறது, ஆகவே மூன்று மணி நேரம் தாமதித்தால்தான் சாப்பாடு. 2022இல் நான் கவுண்ட்டரில் சண்டை போட்டு வாங்கிய சாண்ட்விச் எனக்குச் சேர வேண்டியதே இல்லை போலிருக்கிறது. மன்னிக்கவும் என்று சொல்ல அந்தக் கவுண்ட்டர் பையன் இப்போது எங்கே இருக்கிறானோ.

8 ஜூன்

வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் காந்தி ரோட்டுக்கு ஒரு வேலையாகப் போயிருந்தேன். வங்காளத்திலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்கள் தங்கும் இடம். அந்தத் தெருவைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லாட்ஜ் பலகையில் வங்காளி, மெஸ்ஸில் மீன்குழம்பும் சோறும், மருந்துக்கடைப் பையன் பேசும் இந்தியைவிட அவன் பேசும் வங்காளி நன்றாக இருக்கும். டீக்கடையில் பக்கத்தில் நின்ற பெரியவர் ஃபோனை நீட்டி, “பாய், இதைக் கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள்” என்றார்.

சென்னை–கொல்கத்தா டிக்கெட். மூன்று பேர், தலைக்கு 3,600, நாளை மறுநாளுக்கு. மனைவிக்கு வைத்தியம். பத்து நாள் என்று எண்ணிப் போக வர இரண்டையும் ஊரிலேயே சேர்த்து வாங்கியிருக்கிறார். இப்போது ரத்த அளவு சரியாகவில்லை, இன்னும் ஒரு வாரம் இருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேதி மாற்ற வேண்டும். நானும் முட்டிப் பார்த்தேன். மாற்றும் கட்டணம் ஒன்று, அதன் மேல் அன்றைக்குள்ள விலை வித்தியாசம். அவர் கொடுத்த 3,600ஐ அது தாண்டிவிட்டது. ரத்து செய்தால் கையில் வருவது சில நூறு.

பெரியவர் கோபப்படவில்லை. டீயை ஆற்றிக் குடித்துவிட்டு, “பெங்களூரிலிருந்து ஹவுரா போகும் வண்டி காட்பாடியில் நிற்குமே, அதில் இடம் இருக்கிறதா பாருங்கள்” என்றார். வெயிட்டிங் லிஸ்ட் 41.

வீட்டுக்கு வந்தும் அதே ஞாபகம். மே 3 அன்று நான் போட்ட கணக்கு அரைகுறை. டாக்சி, இட்லி, காபி எல்லாம் சில்லறை. மலிவு டிக்கெட் எதனால் மலிவு? நாள் மாறினால் வரும் நஷ்டத்தை நிறுவனம் தன் தலையிலிருந்து இறக்கி நம் தலையில் வைத்துவிட்டது, அதனால்தான். தன் நாள் தன் கையில் உள்ளவனுக்கு அந்தச் சுமை ஒன்றுமே இல்லை. கல்யாணத்துக்குப் போகிறவன், கல்லூரி விடுமுறைக்கு ஊர் போகும் விஐடி பிள்ளைகள், உங்களைப் போல டெல்லி பார்க்கப் போகிறவர்கள், எல்லாருக்கும் லாபம்தான். நம் ஊருக்கு வருகிற கூட்டத்தில் பாதிப்பேருக்குத் திரும்பும் நாள் தெரியாது. அவர்கள்தான் விலையைப் பார்த்து விழுகிறார்கள், ஏனென்றால் வைத்தியச் செலவு ஏற்கெனவே கழுத்தில் இருக்கிறது.

9 ஜூன்

“அவர் ரயிலிலேயே வந்திருக்கலாமே” என்று ஒருவர். முப்பது மணி நேரம் உட்கார முடியாத நோயாளியை எப்படிக் கொண்டுவருவது? வரும்போது விமானம் சரி. திரும்புவதற்கு முன்கூட்டி வாங்கியதுதான் சிக்கல்.

இன்னொன்று, வீல்சேர் இலவசம். 48 மணி நேரம் முன்னால் சொல்லிவிட வேண்டும். அம்மாவுக்குப் போட்டேன். மலிவு விமானம் பல நேரம் தூரத்தில் நிற்கும், பஸ்ஸில் போய்ப் படி ஏற வேண்டும். வீல்சேர் சொல்லியிருந்தால் ஏற்றிவிட ஏற்பாடு உண்டு. நடக்கத் தெரிந்தவர்களும் வரிசையைத் தவிர்க்க வீல்சேர் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி எழுதினால் இரத்த அழுத்தம் ஏறும், விடுங்கள்.

29 ஜூன்

டெல்லி போகிறவர் கவனிக்க. நேற்று மழையில் டெல்லி டெர்மினல் 1 முகப்புக் கூரை இடிந்து ஒருவர் இறந்துவிட்டார். அங்கிருந்து போகும் விமானங்களை 2, 3க்கு மாற்றியிருக்கிறார்கள். திரும்பும்போது டிக்கெட்டில் அச்சான டெர்மினலை நம்பாதீர்கள், அன்று காலை ஒருமுறை பாருங்கள்.

14 ஜூலை

அப்துல்லாபுரத்தில் இருக்கும் நம் வேலூர் விமான நிலையம் பற்றி யாரும் கேட்கவில்லையே என்று நினைத்தேன், கேட்டுவிட்டார்கள்.

நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, சாமியில்லாத கோயில் என்று நம் ஊரைக் கிண்டல் செய்வார்கள். கோட்டைக் கோயிலுக்கு ஜலகண்டேஸ்வரர் 1981லேயே திரும்பி வந்துவிட்டார். பாலாற்றில்கூட 2021 நவம்பரில் கரை புரண்டு வெள்ளம் போனது. ஆகவே காலியான இடத்துக்கு ‘விமானமில்லாத விமான நிலையம்’ என்று சேர்த்துக்கொள்ளலாம். சின்ன ஊர்களுக்கும் விமானம் விடும் அரசின் உடான் திட்டத்தில் சேர்த்தார்கள், ஓடுதளம் போட்டார்கள், முனையம் கட்டினார்கள். ஒவ்வொரு பொங்கலுக்கும் ‘விரைவில்’ என்று செய்தி வரும். வந்தாலும் சின்ன விமானம்தான். அது டெல்லி போகாது. சென்னைக்கோ பெங்களூருக்கோ கொண்டுபோய் விடும். அதற்கு வந்தே பாரத் போதும், 2022 நவம்பரிலிருந்து காட்பாடியில் நின்றுதான் போகிறது.

பெங்களூர் விமான நிலையம் என்று சொல்பவர்களுக்கு: தேவனஹள்ளி, ஊரின் அந்தக் கோடி. ஓசூர் ரோட்டு நெரிசலைத் தாண்டி அங்கே போய்ச் சேர்வதற்குள் சென்னையிலிருந்து கிளம்பியவன் டெல்லியில் இறங்கியிருப்பான். மிகைப்படுத்துகிறேன். கொஞ்சம்தான்.

20 ஜூலை

கேள்வி கேட்டவர் நேற்றுதான் கிளம்பினாராம். உலகம் முழுக்கக் கணினிகள் முடங்கிய அதே வெள்ளிக்கிழமை! கையால் எழுதிய போர்டிங் பாஸ் படம் அனுப்பியிருக்கிறார். நீல மை, பையன் பெயரில் ஒரு எழுத்து தப்பு. நான்கு மணி நேரம் தாமதம். “சாப்பாடு கொடுத்தார்களா?” என்று கேட்டேன். உப்புமா கப் கொடுத்தார்களாம். பையன் அந்தச் சீட்டைக் கிழிக்க விடாமல் சட்டைப் பையில் வைத்திருக்கிறானாம். காட்பாடி ஸ்டேஷனில் அந்தக் கால அட்டை டிக்கெட்டை நான் அப்படித்தான் வைத்திருந்தேன்.

அவர் கேரளா எக்ஸ்பிரஸில் போயிருந்தால் அந்த நேரம் எங்கே இருந்திருப்பார் என்று கணக்குப் போட்டேன். சொல்லவில்லை. எப்படியும் விமானம்தான் முன்னால் போய்ச் சேர்ந்தது.

18 ஆகஸ்ட்

எனக்கு அடுத்த மாதம் கொல்கத்தா வேலை, பாண்டாலா தோல் வளாகத்தில். போகும் நாள் நிச்சயம், மலிவு டிக்கெட் போட்டுவிட்டேன். பத்துப் பதினைந்து நாள் முன்னால் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் வாங்கினால் முதல் 24 மணி நேரத்துக்குள் முழுப் பணத்தோடு ரத்து செய்யலாம், பயணம் ஏழு நாளுக்கு மேல் தள்ளி இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு நாளில் அலுவலகத்தில் தேதியை உறுதி செய்துகொண்டேன். பாக்கி வசூலாகும் நாள் ஆண்டவனுக்கே தெரியும் என்பதால் திரும்ப டிக்கெட் போடவில்லை. வேலை முடிந்த பிறகு ரயிலோ விமானமோ, எது கிடைக்கிறதோ அது.

பகல் விமானம். காட்பாடியில் காலை ரயில் பிடித்து, சென்ட்ரலில் இறங்கி மெட்ரோவில் போகிறேன். டாக்சி கிடையாது.

1 செப்டம்பர்

பெட்டியை நிறுக்க மண்டிக்குப் போனேன். மே மாதம் நான் சொன்னது அவர் காதுக்கும் போயிருக்கும் போல, புதுத் தராசு வந்திருக்கிறது, முத்திரை போட்டது. பெட்டி 12.4. இரண்டு கிலோ வெங்காயமும் வாங்கினேன், சரியாக இருந்தது.

விலை கிலோவுக்கு மூன்று ரூபாய் ஏறியிருக்கிறது.